கப்பல் வரும்வரை கட்டிக் கிடந்த முழங்கால்

போன புதன்கிழமை டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தவன். "அம்மா சாகக் கிடக்கு சார், கப்பல்ல ஒரே ஒரு பங்க் படுக்கை குடுங்க" என்று கெஞ்சியவர்களிடம், "ஃபுல்லாயிடுச்சு, அடுத்த ஆள் வாங்க" என்று சொல்லிப் பழகியவன். அப்படிப்பட்டவன் அழுதால் டாக்டர் என்ன நினைப்பார்? முழங்கால் வலி உயிர் போகிறது என்றுதானே?

அவரும் அப்படித்தான் நினைத்தார். "இவ்வளவு வலியோடவா சார் கராச்சர்மாவுலேர்ந்து பஸ்ல வந்தீங்க?" என்று எழுந்து வந்துவிட்டார். நல்ல பையன். மதுரைப் பக்கம். மெயின்லேண்டிலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நோயாளியைத் தமிழில் விசாரிக்க முடிகிற சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார்.

அந்தப் பேச்சில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மாதமாக எனக்கு வலது முழங்காலில் வலி. படி ஏறினால் உள்ளே நறநற என்று ஒரு சத்தம். நாற்காலியிலிருந்து எழுந்தால் முதல் நாலு எட்டுக்கு நான் ஒரு ஆள், அதற்குப் பிறகு வேறு ஆள். வீட்டம்மா விதவிதமாகத் தைலம் தேய்த்துப் பார்த்தாள். வீடு முழுக்க வாசனை வந்ததே தவிர கால் கேட்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் காலை மடக்கி, நீட்டி, காதை வைக்காத குறையாகக் கேட்டுவிட்டு, "குருத்தெலும்பு தேய ஆரம்பிச்சிருக்கு சார்" என்றார்.

நமக்குக் குருத்தெலும்பு என்றால் ஆட்டுக்கறிக் குழம்பில் நறுக்கென்று கடிபடுமே, அதுதான் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி யார் யோசித்திருக்கிறார்கள்?

அவர் யோசித்திருக்கிறார். மேஜைமேல் தபால்தலை ஒட்டுவதற்காக ஒரு ஸ்பாஞ்சு டப்பா இருந்தது. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், அதற்குள் ஒரு வட்ட ஸ்பாஞ்சு. என் கவுண்டரிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. அதை என் பக்கம் தள்ளினார்.

"இதை அமுக்குங்க."

அமுக்கினேன். தண்ணீர் வெளியே வந்தது.

"விடுங்க."

விட்டேன். தண்ணீர் உள்ளே போய்விட்டது.

"இதுதான் சார் உங்க மூட்டு. ரெண்டு எலும்போட முனையிலயும் இந்த மாதிரி ஒரு மெத்தை. ஐஸ் மேல ஐஸை வச்சு இழுத்தாக்கூட இப்படி வழுக்காது, அவ்வளவு வழவழப்பு. நீங்க காலை ஊணும்போது உங்க எடை அதுமேல இறங்குது. படி ஏறினா, குந்தி உட்கார்ந்தா, உங்க எடையைவிடப் பல மடங்கு. அவ்வளவையும் அது வாங்கிக்கும். எப்படி வாங்கும்? உள்ளே இருக்கற தண்ணிதான் தாங்குது. அமுங்கும்போது கொஞ்சம் வெளியே விடும், பளு இறங்கினதும் திரும்ப உறிஞ்சிக்கும்."

சரி, நல்ல ஏற்பாடுதான் என்றேன்.

"இன்னொண்ணு கேளுங்க. இதுக்கு ரத்தக் குழாய் கிடையாது."

"அப்புறம் சாப்பாடு?"

"அதான் விஷயமே! மூட்டுக்குள்ளே ஒரு திரவம் இருக்கு. அதுலதான் இதோட சாப்பாடு. நீங்க நடந்தாத்தான் இது அமுங்கி, விரிஞ்சு, அந்தத் திரவத்தை உள்ளே இழுக்கும். கால் அசையலைன்னா இதுக்குப் பட்டினி. நீங்க பதினெட்டு வருஷமா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கலை. பட்டினி போட்டிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உழைத்துத் தேய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தே தேய்ந்த பெருமை எனக்குத்தான் போலிருக்கிறது.

"ஆனா தேயும்போதே வலிச்சிருக்கணுமே டாக்டர்? இத்தனை நாளா ஒண்ணுமே தெரியலையே?"

"எப்படித் தெரியும்? அதுக்கு நரம்பும் கிடையாது. அது பாட்டுக்குத் தேஞ்சுகிட்டே இருக்கும், வாயைத் திறக்காது. எலும்பு வரைக்கும் போனப்புறம்தான் எலும்பு கத்தும். அப்ப நமக்குத் தெரியும்... லேட்டா."

இதுவரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன், நம்புங்கள். கையில் இன்னும் அந்த ஸ்பாஞ்சு. என் ஆபீஸில் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் இது காய்ந்து ரஸ்க் மாதிரி ஆகிவிடும். திரும்பத் தண்ணீர் ஊற்றினாலும் ஓரம் உதிரும். அதை நினைத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஒருத்தர் காலை மடக்கவே விடாம... மாவுக்கட்டுப் போட்டு, மூணு மாசம் அப்படியே வச்சிருந்தா என்ன ஆகும் டாக்டர்?"

"மூணு மாசமா? எவன் சார் அப்படி வச்சான்? குருத்தெலும்பு மெலிஞ்சு, மூட்டுக்குள்ளே சதை ஒட்டி, கால் கட்டை மாதிரி ஆயிடும். எலும்பு கூடியாச்சுன்னா சீக்கிரமே பிரிச்சு, தினம் மடக்கி நீட்ட வைக்கணும். அப்படிக் கட்டி வச்சவன் அந்த ஆளைக் கொன்ன மாதிரிதான்."

அவருக்கு என்ன தெரியும், பாவம்? நான் அழ ஆரம்பித்தது அப்போதுதான்.

எவன் வைத்தான் என்று கேட்டாரே... நான்தான் வைத்தேன்.

அந்தமானுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் கணக்கு ஒன்று புரியவே புரியாது. இங்கே நாங்கள் நாட்களைத் தேதியால் எண்ணுவதைவிடக் கப்பலால் எண்ணுவதுதான் அதிகம். "எப்பப்பா கல்யாணம்?" "ரெண்டு கப்பல் கழிச்சு." "உங்க மாமியார் எத்தனை நாள் இருந்தாங்க?" "மூணு கப்பல் இருந்தாங்க, தாங்கலை." கடிதம், வெங்காயம், பேப்பர், புது அதிகாரி, பழைய கடன்காரன் எல்லாம் மெட்ராஸ் கப்பலில்தான் வந்தாக வேண்டும். கல்கத்தாவிலிருந்தும் கப்பல் வரும். ஆனால் நம்மவர்கள் காத்துக்கொண்டிருப்பது மெட்ராஸ் கப்பலுக்குத்தான்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் அந்தக் கப்பலில்தான் நானும் வந்து சேர்ந்தேன். பங்க் கிளாஸ், அடுக்குப் படுக்கை. கும்பகோணத்துக் காவிரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்தறியாத வயிறு என்னுடையது. முதல் நாளே குடல் வாய்க்கு வந்துவிட்டது. பக்கத்துப் பங்க்கில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ ஒரு கடற்கரைக் கிராமத்து மீனவர், புதுப் பெண்டாட்டியோடு. செபஸ்தியான், லூர்து. நாலு நாளும் என் வாந்தியைத் துடைத்தது அவர்கள் இரண்டு பேரும்தான். உப்புப் போட்ட எலுமிச்சையை என் வாயில் திணித்துவிட்டு, "அண்ணாச்சி, தரையப் பாக்காதிய. தூரமாப் பாருங்க" என்று அவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் வண்டூரில் குடியேறினார்கள். கடலோரம். அவன் ஒரு சின்னத் தோணி வாங்கி மீன் பிடித்தான், அவள் கருவாடு போட்டாள். கல்யாணம் ஆகும்வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு அவர்கள் வீட்டில்தான். அவர்கள் பூசை முடிந்து வருவதற்குள் நான் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன், வெட்கமில்லாமல். லூர்து என்னை வாய்க்கு வாய் "அண்ணாச்சி" என்பாள். குழம்பில் பெரிய துண்டு எனக்குத்தான் விழும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, மழை ஆரம்பிக்கிற நேரம். செபஸ்தியான் தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்தபோது அலையோடு உருண்டு வந்த ஒரு மரக்கட்டை முழங்காலில் மோதியது. பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். லூர்து நேராக என் ஆபீஸுக்கு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் இந்தி பேச வேண்டுமே? நான்தான் கூடப் போனேன்.

டாக்டர் ஒரு வங்காளி. பார்த்தார், படம் எடுத்தார். முழங்கால் சில்லில் ஒரு கீறல், அவ்வளவுதான். தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டுவிட்டு என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

"தீன் ஹஃப்தா ரக்கோ. ஃபிர் கோலேங்கே. உஸ்கே பாத் ரோஜ் மோட்னா ஹை, ரோஜ்!"

மூன்று வாரம் வைத்திரு, பிறகு பிரிப்போம், அப்புறம் தினமும் மடக்க வேண்டும், தினமும். அந்த 'ரோஜ்'ஜை இரண்டு தடவை சொன்னார். ஒரு சீட்டிலும் இங்கிலீஷில் எழுதி லூர்துவிடம் கொடுத்தார்.

நான் திரும்பி செபஸ்தியானிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒண்ணும் பயமில்லைடா. அடுத்த மெட்ராஸ் கப்பல் வர்ற வரைக்கும் கட்டை அவுக்கக் கூடாது. கப்பல் வந்த அன்னிக்கு இங்கே வா, பிரிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் தினம் மடக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கப்பல் சரியாக மூன்று வாரத்தில் வருவதாக இருந்தது. அந்த அட்டவணையை அன்றைக்குக் காலையில்தான் என் கையால் எழுதி ஆபீஸ் போர்டில் ஒட்டியிருந்தேன். மூன்று வாரம் என்பதும் அந்தக் கப்பல் என்பதும் எனக்கு ஒன்றாகவே இருந்தது. வாய் தன் பாட்டுக்குக் கணக்கை மாற்றிவிட்டது.

"கப்பல் வர்ற வரைக்கும்லா? சரி அண்ணாச்சி" என்றான் அவன்.

கப்பல் வரவில்லை.

எந்திரக் கோளாறு. பழுது பார்க்கப் போய்விட்டது என்று தந்தி வந்தது. மாற்றுக் கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. 'ரத்து' என்று பழைய அட்டவணையின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியது யார்? நான்தான். அந்தக் கோட்டை இழுக்கும்போது வண்டூரில் ஒரு கால் என் பேச்சை நம்பிக்கொண்டு கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியதா? இல்லை. ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்குக்கூடப் போகவில்லை. மழை, ரோடெல்லாம் சேறு. என் கல்யாணமும் அந்தச் சமயம்தான் நிச்சயமாகி, கப்பல் இல்லாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. என் கவலை எனக்கு.

அந்த மூன்று மாதமும் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஊரில் வெங்காயம் இல்லை. ஆபீஸில், தெருவில், சலூனில், யார் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "கப்பல் எப்போ சார்?" என்னவோ கப்பலை நான் வீட்டுக் கொல்லையில் கட்டிப்போட்டு வைத்திருப்பது மாதிரி! கடைசியில் கேள்வி காதில் விழுவதற்குள் பதில் வாயிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது.

அப்படி ஒரு நாள் மத்தியானம் வண்டூர் பஸ் டிரைவர் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"பாபு, ஜஹாஜ் கப் ஆயேகா? வண்டூர்வாலா பூச்தா ஹை."

கப்பல் எப்போது வரும் என்று வண்டூர்க்காரன் கேட்கிறான்! இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வார்? நான் தலையைத் தூக்கவில்லை.

"ஆயேகா தோ ஆயேகா. போல் தோ."

வரும்போது வரும், போய்ச் சொல். டிரைவர் போய் அப்படியே சொல்லியிருக்கிறார்.

கப்பல் வந்தது. மழை ஓய்ந்து வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகு வந்தது. கப்பல் துறையில் திருவிழாக் கூட்டம். கவுண்டரில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த நெரிசலுக்கு நடுவே, "தள்ளுங்க, தள்ளுங்க, காலு!" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன்.

செபஸ்தியான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். வலது கால் முன்னால் நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. மாவுக்கட்டு மழையிலும் அழுக்கிலும் கறுத்து, ஓரமெல்லாம் பிய்ந்து, தென்னங்கயிறு சுற்றியிருந்தது. உதிர்ந்துவிடாமல் இருக்கப் பத்திரமாகச் சுற்றியிருந்தார்கள்! பின்னால் லூர்து, கையில் துணி மூட்டையோடு.

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"கப்பலு வந்துட்டுல்லா, அண்ணாச்சி!"

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வங்காளி டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக இருந்தவர் கட்டை வெட்டிப் பிரித்தார். உள்ளே இருந்தது செபஸ்தியானின் கால்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவ்வளவு மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. மடக்கச் சொன்னார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். ஒரு விரல்கடைகூட மடங்கவில்லை.

"யார் இதை மூணு மாசம் வைக்கச் சொன்னது?" என்று டாக்டர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார்.

லூர்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என்ன கேட்டார் என்று புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு?

"கப்பல் வரலை, டாக்டர்" என்றேன்.

பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. கப்பல் வரவில்லைதானே? அவர் ஏதோ மெயின்லேண்ட் டாக்டருக்காகக் காத்திருந்தார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதே பதிலைத் தமிழில் இவர்களிடமும் சொன்னேன். "எல்லாம் கப்பலால வந்தது. கப்பல் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா..." வண்டூர் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. செபஸ்தியான் காலைக் கெடுத்தது மெட்ராஸ் கப்பல். கேட்டுக்கொண்டு நானும் உச்சுக்கொட்டினேன்.

ஒத்தடம் கொடுத்தார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் போட்ட சத்தம் பக்கத்து வீடுகளுக்குக் கேட்டதாம். கால் ஒரு சாண் மடங்கும், அதற்குமேல் மடங்காது.

தோணியில் முழங்கால் மடங்காமல் என்ன செய்ய முடியும்? அலையில் தள்ளிவிட்டுத் தாவி ஏற வேண்டும். குந்தி உட்கார்ந்து வலையை இழுக்க வேண்டும். இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் தண்ணீரில் விழுந்தான். முப்பது வயதுகூட ஆகாத ஆள். தோணி லூர்துவின் தம்பி கைக்குப் போனது. செபஸ்தியான் வீட்டுக்குள் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, அந்தக் காலை வாசல்வரைக்கும் நீட்டிக்கொண்டு, அடுத்தவர்கள் வலையைப் பழுது பார்க்க ஆரம்பித்தான். இன்றுவரைக்கும் அதுதான்.

கிறிஸ்மஸுக்கு என்னை அழைப்பார்கள், பூசைக்கும் போவேன். கோயிலில் எல்லாரும் முழந்தாளிடுகிற நேரத்தில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருப்பான். "சாமிக்கு முன்னால நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கவன் இந்தக் கோயில்ல நான் ஒருத்தன்தான் அண்ணாச்சி" என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

லூர்து மட்டும் அந்த வருஷத்துக்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறுதோறும் நான் போவேன்; டீ வரும், சோறு வரும். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து நீட்டுவாள், போய்விடுவாள். கஷ்டம் வந்த வீடு, கலகலப்பு குறைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையைத்தான் போன புதன்கிழமை அந்த மதுரைப் பையனிடம் சொன்னேன். ஒரு மனிதரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, "இப்ப ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டேன்.

அவ்வளவு பேசுகிற பையன், "பன்னெண்டு வருஷம் ஆச்சு சார்" என்று மட்டும் சொன்னார். ஸ்பாஞ்சு டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை. முதலில் மன்னிப்புக் கேட்கவா, முதலில் விஷயத்தைச் சொல்லவா? பஸ் நின்றபோது ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

செபஸ்தியான் பலகைமேல் இருந்தான். மடியில் வலை, வாசல்வரை அந்தக் கால்.

"வாங்க அண்ணாச்சி. மொழங்காலு நோவுதுன்னு டாக்டர்ட்ட போனியளாமே? பஸ்ல வந்தவுக சொன்னாவ. என்ன சொல்லுதாரு?"

என் முழங்காலை விசாரிக்கிறான், பாருங்கள்!

"செபஸ்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த வங்காளி டாக்டர் கப்பல்னு சொல்லவே இல்லை. மூணு வாரம்னுதான் சொன்னார். கப்பல்னு சொன்னது நான்தான். என் வாயால வந்தது. உன் காலைக் கெடுத்தது கப்பல் இல்லைப்பா, நான்தான்."

அவன் கை நிற்கவில்லை. ஒரு முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தான்.

"தெரியும் அண்ணாச்சி."

"என்ன தெரியும்?"

"இதுதான். அந்த வருசமே தெரியும். கிறிஸ்மஸுக்கு முந்தி சாமியாரு வீடு மந்திரிக்க வந்தாவ. எங்க செபப் புஸ்தகத்தத் தொறக்கவும் டாக்டரு எழுதுன அந்தச் சீட்டு கீழ விழுந்துச்சு. எடுத்து வாசிச்சாவ. மூணு வாரத்துல அவுக்கணும்னு எழுதியிருக்கே, ஏன் அவுக்கலன்னு கேட்டாவ."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பின்னே ஏன்டா இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை?"

"கேட்டா அடுத்த ஞாயிறு நீங்க இங்க வருவியளா?"

வந்திருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

"காலு போச்சு. அதோட ஆளும் போவணுமா?" என்றான். என் முகத்தைப் பார்க்காமல், வலையைப் பார்த்துத்தான் சொன்னான்.

டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இரண்டு எலும்பு ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, நடுவில் ஒன்று சத்தம் போடாமல் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. வலிக்கிறது என்று சொல்லவும் சொல்லாது. எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தது அவன் ஒருவன். நான் வாரா வாரம் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. லூர்து வெளியே வந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்துக்கு நேராக நின்றாள். தலையில் பாதிக்குமேல் நரைத்திருந்தது. அதைக்கூட நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒரு மாசத்துல எனக்குப் பொறுக்கல" என்றாள். "உள்ள எறும்பு போயி இவுக ராவும் பகலும் துடிக்காவ. அருவாமனைய எடுத்துட்டு வந்துட்டேன், அறுத்துப் போட்டுருதேன்னு. இவுக என் கையப் புடிச்சுக்கிட்டாவ. 'அண்ணாச்சி கப்பல் ஆபீஸ்ல இருக்கவுக, அவுகளுக்குத் தெரியாதா, கப்பலு வரட்டும்'ன்னு. டிரைவருகிட்டச் சொல்லிவிட்டோம். வரும்போது வரும்னு பதில் வந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு ஞாயிறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி? ஞாயித்துக்கெழமைய மறக்குற ஆளா நாங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. கேட்டுவிட்டு உள்ளே போய், வழக்கம்போல் டீ கொண்டுவந்தாள். இந்தத் தடவை கதவுக்கு வெளியே வந்து கையில் கொடுத்தாள். மன்னித்துவிட்டாளா? எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. டீயைக் குடித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

நான் இப்போது தினமும் காலையில் கராச்சர்மா ரோட்டில் அரை மணி நேரம் நடக்கிறேன். டாக்டர் உத்தரவு. என் குருத்தெலும்பு அமுங்குகிறது, விரிகிறது, சாப்பிடுகிறது. வலி கொஞ்சம் குறைந்துகூட இருக்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் வெட்கமாக இருக்கிறது. நடக்காமல் இருந்தால் மட்டும் அவன் கால் மடங்கிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடக்கிறேன்.

நேற்றைக்குக் கவுண்டரில் ஒரு அம்மாள். வடக்கே ரங்கத் ஊரிலிருந்து வந்திருக்கிறார், கையில் ஒரு துணிப்பை. "கப்பல் எப்போ சார்?" என்றார். பழக்க தோஷம், பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எதுக்கும்மா கேட்கறீங்க?"

அந்த அம்மாள் திகைத்துப்போய் நின்றார். கவுண்டருக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வந்துவிட்டது, பன்னிரண்டு வருஷம் லேட்டாக.